கவர் கட்டாமல் கழுவிய இன்ஜின்

கையை நான்காவது முறையாகக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். டீசல் வாடை போகவில்லை. நகக்கண்ணெல்லாம் கறுப்பு. நீ இருந்திருந்தால் உள்ளங்கையில் தேங்காய் எண்ணெயையும் ஒரு பிடி சர்க்கரையையும் கொட்டி, "சோப்ப வச்சி தேய்ச்சிகினு கீறான் பாரு" என்று திட்டிக்கொண்டே தேய்த்து விட்டிருப்பாய்.

வாசலில் நம் வேன் நிற்கிறது. முன்சீட்டுகளுக்கு நடுவில் இருக்கும் இன்ஜின் மூடியைக் கழற்றியது கழற்றியபடி கிடக்கிறது. பாதி இன்ஜின் பளிச்சென்று இருக்கிறது, மீதிப் பாதியில் விரல் கனத்துக்கு அழுக்கு. நாளை ஆயுத பூஜை. டிரிப் ஷீட்டைத் தவிர வேறெதையும் எழுதிப் பழக்கமில்லாதவன், அதே டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து தெருமுனை வரை போகிறேன், மறுபடி வந்து உட்காருகிறேன். "கால்ல சக்கரம் கட்டிகினு பொறந்தவன்" என்று நீ சொல்வது இன்றைக்குத்தான் முழுக்கப் பொருந்துகிறது.

உன்னிடம் நான் எதையும் மறைத்ததில்லை. மறைக்க நீ விட்டால்தானே. மகளிடம்தான் மறைத்தேன், நீ போன நாளிலிருந்து நான்கு வருடம். அது இன்று காலை உடைந்துவிட்டது. உன்னிடம் சொல்லாவிட்டால் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியாது.

நீ என்னிடம் பேசிய முதல் பேச்சே இந்த இன்ஜினைப் பற்றித்தான். மறைமலை நகர் கம்பெனிக்கு நான் ஷிஃப்ட் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். நீ படாளத்தில் ஏறுவாய். இன்ஜின் சூடு காலில் அடிக்கும் என்று முன்சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள், நீ மட்டும் அங்கே உட்கார்ந்து மூக்கைச் சுளித்துக்கொண்டே வருவாய். நாலாவது நாள் வாயைத் திறந்தாய்.

"அண்ணாத்த, உங்க வண்டி எண்ண ஒழுக்குது. சைலன்சர் மேல சொட்டி கருவுது, வாட வரல உங்களுக்கு?"

"நீ இன்னா மெக்கானிக்கா?" என்றேன் கடுப்பாக.

"மெக்கானிக் இல்ல. கழுவறவ."

கம்பெனியில் பார்ட்ஸ் கழுவும் பிரிவில் இருக்கிறாய் என்பது பிறகு தெரிந்தது. தினமும் எட்டு மணி நேரம் கிரீஸைக் கழுவுகிறவளிடம் போய் நான் முறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். கல்யாணத்துக்கு உன் தோழிகள் எல்லாரும் வந்து, "அண்ணாத்தையவே கட்டிகினா பாரு" என்று சிரித்த சிரிப்பில் பந்தலே ஆடியது. எனக்குக் காது சிவந்துவிட்டது. நீ கொஞ்சமும் அசையவில்லை.

கல்யாணமான முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லா ஜோடியும் சினிமாவுக்குப் போகும். நீ என்னை வேனுக்கு அடியில் மரத்தூள் பரப்பச் சொன்னாய். "ஆறின இன்ஜினத்தான் தொடணும். மொதல்ல தண்ணியும் வேணாம், டீசலும் வேணாம். சொரண்டு." உடைந்த ரம்ப பிளேடால் கெட்டியாகக் காய்ந்ததையும், மூங்கில் குச்சியைச் சீவி இடுக்கில் இருந்ததையும் எடுத்தோம். தார் மாதிரி சுருண்டு சுருண்டு விழுந்தது. பிறகு டீசல் தொட்ட பிரஷ். தடவிவிட்டுக் கால் மணி நேரம் ஊற விட வேண்டும் என்றாய். அந்தக் கால் மணி நேரத்தில் நான் மூன்று தடவை எழுந்து போய் வந்ததைப் பார்த்து, "ஊறுற வரைக்கும் சும்மா குந்துய்யா, அழுக்கு எங்கயும் ஓடிடாது" என்றாய். கடைசியாகத்தான் சோப்புத் தண்ணீர். அதுவும் வண்டியைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார், டைனமோ, ஒயர் ஜாயிண்ட், ஏர் ஃபில்டர் வாய் எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் கவர் போட்டு ரப்பர் பேண்ட் கட்டிய பிறகு. அதுவும் துணியில் நனைத்துத்தான், ஊற்றக்கூடாது.

துடைத்துக் காய்ந்ததும், கல்யாணத்துக்கு வந்த முகப்பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து இன்ஜின் முழுக்கத் தூவினாய். என் அம்மா வாசலில் நின்று, "வண்டிக்கு மேக்கப்பு போடறாளே இவ" என்று வாயில் கை வைத்தாள். ஸ்டார்ட் பண்ணச் சொன்னாய். பத்து நிமிடம் ஓடியது. வெள்ளைப் பவுடரில் ஒரே ஒரு இடத்தில், வால்வு மூடியின் பேக்கிங்குக்குக் கீழே, ஈரமாக ஒரு கோடு இறங்கியது. "தோ கீது உன் ஒழுக்கு" என்றாய். எத்தனை மெக்கானிக் பார்த்து உதட்டைப் பிதுக்கிய ஒழுக்கு அது. அன்றைக்குத்தான் உன்னைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது. பிரியமும் அன்றைக்குத்தான் வந்தது என்று சொன்னால் அடிப்பாய், அதனால் அப்போது சொல்லவில்லை.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் இதே முறைதான். பூஜைக்கு முந்தின நாள் பாதிப் பகல் அதற்கே போகும். இடையில் நான் செய்த கோளாறுகளுக்குக் கணக்கில்லை. ஒரு தரம் கடப்பாக்கத்திலிருந்து இறால் ஏற்றிக்கொண்டு வந்தேனே, ஆட்களை ஏற்றும் வண்டியில். ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் மூடி இடுக்கு வழியாக இன்ஜினுக்குள் இறங்கி, மறுநாள் மாமல்லபுரத்துக்கு ஏறின கல்யாணக் கோஷ்டி மொத்தமும் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தது. அவர்கள் சிற்பம் பார்க்கப் போன நேரத்தில், கூட வந்திருந்த நீ பார்க்கிங்கிலேயே மூடியைக் கழற்றிப் போட்டு, ஈரத்துணியால் உப்பைத் துடைத்துக்கொண்டே என்னைத் திட்டினாய். பக்கத்து டிரைவர்கள் எல்லாம் நாஸ்தாவை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். எனக்கு அவமானமாகவே இல்லை.

அந்தக் கை வேலையில்தான் உன் கை பாழானது. கம்பெனியில் கழுவும் மருந்து ஒரு பக்கம், வீட்டில் டீசல் ஒரு பக்கம். விரல் கணுவெல்லாம் வெடித்து, புளி கரைக்கும்போது உதட்டைக் கடித்துக்கொள்வாய்.

நான்கு வருடத்துக்கு முந்தைய பூஜைக்கு முதல் நாள், அந்தக் கையைப் பார்த்துவிட்டுத்தான் நான் வாட்டர் வாஷுக்குப் போனேன். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதி சோம்பேறித்தனம். சாயந்திரம் ஒரு டிரிப் இருந்தது, உன் முறைப்படி கழுவ நேரமில்லை. ரோட்டோரத்தில் எல்லா வண்டியும் வரிசையில் நின்றது. முன்னால் நின்ற டிரைவர் என் இன்ஜினை எட்டிப் பார்த்து, "இன்னா அண்ணாத்த, பஜ்ஜி சட்டி கணக்கா கீது" என்றான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. செங்கல்பட்டிலிருந்து ஓட்டி வந்த சூடு ஆறவில்லை. கவர் கட்டவில்லை. "அடிப்பா நல்லா" என்று நானே சொன்னேன். பிரஷர் தண்ணீர் அடித்ததில் ஆவி பறந்தது. இருபதே நிமிடத்தில் புது இன்ஜின். உன்னை அசத்திவிடப் போகிறேன் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் காலை குங்குமம் வைக்க மூடியைத் திறந்தாய். உள்ளே பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். இடுக்கில் விரலை விட்டு ஈரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பூஜ முடியட்டும், வச்சிக்கறேன் உன்ன" என்றாய். முக்கி முனகி வண்டி ஸ்டார்ட் ஆனது. எலுமிச்சம்பழத்தை நசுக்கி, அம்மன் கோயில் வரை போய் வந்து நிறுத்தினோம். மகள் யமுனாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. காலேஜ் லீவில் வந்தவள், வண்டி பேட்டரியிலேயே ஒயர் இழுத்து சீரியல் லைட் போட்டு, பாட்டும் போட்டு, தெருவையே கூட்டி வைத்திருந்தாள். நீயும் நின்று பார்த்தாய்.

மூன்றரை மணிக்கு நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். வேர்த்து ஊற்றியது. பக்கத்து வீட்டுக்காரர் ஆம்புலன்ஸுக்குப் போன் போடட்டுமா என்று கேட்டார். "நம்ம வண்டி நிக்கும்போது ஆம்புலன்ஸ் எதுக்கு" என்றேன். சொந்த வண்டி வைத்திருக்கிறவன் திமிர். உன்னை முன்சீட்டில் உட்கார வைத்துச் சாவியைத் திருப்பினேன். டக் என்று ஒரு சத்தம். மறுபடி திருப்பினேன். டக். அவ்வளவுதான். கை தவறி ஆரனில் பட்டது, தெரு அதிர்ந்தது. பேட்டரி முழுசாக இருக்கிறது, செல்ஃப் மோட்டாரில்தான் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது.

யமுனா ஓடி வந்தாள். "அப்பா, நான் காலைலேர்ந்து லைட்டு போட்டு வுட்டுட்டேம்பா. பேட்டரி எறங்கிடுச்சா?"

நான், "ஆமா" என்றேன்.

அந்த நேரத்தில் ஏன் சொன்னேன் என்று நான்கு வருடமாக யோசிக்கிறேன். பதற்றம் என்று சொல்லிப் பார்த்தேன். பதற்றம் என்றால் அடுத்த நாளாவது திருத்தியிருக்க வேண்டும். நீ பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய். தலையை ஆட்டினாய், இல்லை என்கிற மாதிரி. பேச மூச்சு இல்லை. தெருவே திரண்டு வந்து தள்ளியது. மணலில் சக்கரம் உருள மாட்டேன் என்றது. மூன்றாவது தள்ளலில் வண்டி உயிர் பிடித்தபோது அரை மணி நேரம் போயிருந்தது. பின்சீட்டிலிருந்து யமுனா உன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போது அவள், "அப்பா, அம்மா கை தொங்குது" என்றாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "முன்னாடியே வந்திருந்தாலும் சொல்ல முடியாதுங்க" என்றார். அந்த ஒரு வரியை வைத்து நான் என்னைத் தேற்றிக்கொண்டேன். பாவி நான், அதை அவளிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு வளரும், மேலே கேட்பாள் என்று பயம். மறு வாரம் மெக்கானிக் செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் கவிழ்த்தபோது துருத்தண்ணீர் ஒழுகியது. "யாருகிட்டயும் சொல்லாதப்பா" என்றேன். பதினாறாம் நாள் காரியத்தில் அச்சரப்பாக்கத்திலிருந்து வந்திருந்த உன் தம்பி, எல்லோரும் கேட்கும்படி, "சின்னப்புள்ள வெளையாட்டு ஒரு உசுர எடுத்துகினு பூட்ச்சு" என்றான். யமுனா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் இலை போட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு உன் மகள் எப்படி இருக்கிறாள் தெரியுமா? மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனில் வேலை, அங்கேயே ஹாஸ்டல். மாதம் ஒரு முறை வருவாள். திரும்பிப் போகும்போது பஸ் ஸ்டாப் வரை போய்விட்டு, ஃபேன் ஆஃப் பண்ணினோமா என்று பார்க்க வீட்டுக்கு வருவாள். பார்த்துவிட்டுப் போவாள். மறுபடி வருவாள். போன பொங்கலுக்கு இப்படி இரண்டு பஸ்ஸை விட்டாள். "நான் பாத்துக்கறேம்மா, நீ போ" என்றேன். "இல்லப்பா, நானே பாத்தாதான் ஆவும்" என்றாள். வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் நின்றுவிடக்கூடிய அலைச்சல் அது, அந்த வார்த்தை என் தொண்டையில் இருந்தது. நான் முழுங்கினேன்.

இன்று காலைக்கு வருகிறேன். நடுவில் எழுந்து போய்த் தெருக்குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன், கோபித்துக்கொள்ளாதே.

பூஜை லீவில் அவள் நேற்றே வந்துவிட்டாள். நான் ஆறு மணிக்கே ஆரம்பித்துச் சுரண்டி, டீசல் தடவி, ஊற வைத்து, பாதியை முடித்திருந்தேன். நீ போனதிலிருந்து உன் முறைப்படித்தான் செய்கிறேன், ஒரு வருடம்கூடத் தவறவில்லை. பத்து மணிக்கு அவள் டீ எடுத்துக்கொண்டு வந்தாள். இந்த வண்டிக்குப் பக்கத்திலேயே வராதவள், இன்றைக்கு என்ன தோன்றியதோ, டம்ளரைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். நான் செல்ஃப் மோட்டாருக்குக் கவர் போட்டு ரப்பர் பேண்டை இழுத்துக்கொண்டிருந்தேன்.

"எதுக்குப்பா கவர் கட்டற?"

"சோப்புத் தண்ணி படக்கூடாதும்மா."

"பட்டா இன்னா ஆவும்?"

"செல்ஃப் எடுக்காது."

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. உன் மகள் அவள், பவுடர் தூவாமலே ஒழுக்கைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அன்னிக்கு கவர் கட்டுனியாப்பா?"

கட்டினேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். கேட்க வேறு யாரும் இல்லை, மெக்கானிக்கும் ஊரைவிட்டுப் போய்விட்டான். ரப்பர் பேண்ட் கையில் அறுந்தது.

"கட்டல" என்றேன்.

"ஆரன் அடிச்சிதே அன்னிக்கு. எனக்கு ஞாபகம் கீது. பேட்டரி எறங்கியிருந்தா ஆரன் அப்படி அடிக்குமா?"

"அடிக்காது."

"அப்ப உனக்கு அப்பவே தெரியும்."

"தெரியும்மா."

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். வாட்டர் வாஷைச் சொன்னேன், மெக்கானிக்கைச் சொன்னேன். கீழே பார்த்துக்கொண்டே சொன்னேன். கத்துவாள், டம்ளரைத் தூக்கி அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நல்லது. அவள் உள்ளே போய் என் போனை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினாள்.

"மாமாவுக்குப் போடு. ஸ்பீக்கர்ல போடு."

"நேர்ல வரும்போது சொல்லிடறேம்மா, பூஜைக்கு வராரு..."

"இப்ப."

போட்டேன். "இன்னா மச்சான், காலைலயே" என்றான் உன் தம்பி, குஷியாக. பின்னால் அவன் வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நான் சொன்னேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நடுவிலிருந்து ஆரம்பித்து, முன்னும் பின்னுமாகச் சொன்னேன். "புள்ள மேல தப்பு இல்ல மச்சான், நான்தான்" என்று முடித்தேன். அந்தப் பக்கம் யாரோ மிக்ஸியை நிறுத்தினார்கள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை அவன். "பாப்பாகிட்ட குடு" என்றான். அவளைப் பாப்பா என்று அவன் கூப்பிட்டு நான்கு வருடம் ஆகிறது என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன்.

"பாப்பா," என்றான். "மாமன் வாயக் கழுவணும்டா. அத்தன பேரு எதுர்ல..."

யமுனா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "அம்மா சாவுல நான் அழுவல மாமா" என்றாள். "கல்லு மாதிரி கீறான்னு அத்தைங்க பேசிகினாங்க. எனக்குக் கேட்டுச்சு. நானே கொன்னுட்டு நானே அழுவறதான்னு இருந்துச்சு மாமா. அழ எனக்கு இன்னா ரைட்டு கீதுன்னு..."

வேனின் படியில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் இருமல் மாதிரிதான் இருந்தது. பிறகு வாய்விட்டு அம்மா என்று கத்தினாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்து, என்ன ஏது என்று தெரியாமலே அவளைச் சுற்றி உட்கார்ந்து கட்டிக்கொண்டார்கள். நான் ஒரு எட்டு எடுத்து வைத்தேன். அவள் கையை நீட்டி, வேண்டாம் என்று காட்டினாள்.

இரண்டு மணி நேரமாகிறது. வீட்டுக்குள் கூட்டிப் போய்ப் படுக்க வைத்திருக்கிறார்கள். இன்னும் அழுதுகொண்டுதான் இருக்கிறாள், இப்போது மெதுவாக, நடுநடுவே உன்னைப் பற்றி ஏதோ சொல்லிச் சொல்லி. ஒருத்தி வெளியே வந்து, "இன்னாண்ணா ஆச்சு, யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டாள். "அவங்கம்மா" என்றேன்.

மன்னித்துவிட்டாயா என்று உன்னைக் கேட்க மாட்டேன், அவளையும் கேட்க மாட்டேன். கேட்டால் மறுபடி அவள் மேல்தான் பாரத்தை வைப்பேன். பெற்ற தாய்க்கு அவள் அழ வேண்டிய அழுகையை நான்கு வருடம் நான் பிடுங்கி வைத்திருந்தேன், அது இனி நான் இருக்கும் வரை என்னோடு இருக்கும். இப்போது அவள் அழுவது ஜன்னல் வழியாக எனக்குக் கேட்கிறது. உள்ளே போக எனக்கு அனுமதி இல்லை. வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன், எழுந்திருக்காமல்.